பொயிலர் அண்ணையும் எங்கள் வீட்டு லொக்அவுட்டும்

உலகத்தில் உள்ள சகலதையும் எரிகிறது, எரியாதது, எரியவேண்டியது என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பொயிலர் அண்ணைதான். மனிதர், கறிச்சட்டி, கோயில், கலியாணம் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடக்கம். அரசியல்வாதிகளை மட்டும் நாலாவதாக, 'ஈரவிறகு' என்று தனியே வைத்திருந்தார்.

பிரெஞ்சு பேசுகிற குளிர் ஊர் ஒன்றில், வில்லரே என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ் வீடு அவருடையது, நடு வீடு எங்களுடையது. துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடிதம் கொண்டுவருகிற பெண்ணே 'பொன்ஜூர், மிஸ்யே பொயிலர்' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் கட்டடத்தில் மின்சார ஹீட்டர். அது தருவதைச் சூடு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சுடர் இல்லாத சூடு, தம்பி. பிழைச்சால் ஆரைப் போய்க் கேக்கிறது?" என்பார்.

ஒருமுறை கோயில் ஹோமத்தில் புகை மண்டி எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, இவர் நேரே ஐயரிடம் போய்க் குனிந்தார்.

"ஐயா, மந்திரத்திலை பிழையில்லை. காத்துத்தான் காணாது. விறகை இறுக்கி அடுக்கிப்போட்டியள்."

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே முறைத்தார். கடைசியில் அவருக்கே இருமல் வந்து மந்திரம் நின்றுபோக, விறகைத் தளர்த்தி அடுக்கினார். புகை போன இடம் தெரியவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. அலாரத்தைக் கேட்டு வருடாவருடம் ஓடிவருகிற தீயணைப்புப் படை அந்த வருடம் வராததால், அவர்களுக்கென்று எடுத்துவைத்த நாற்பது வடையும் மிஞ்சிப்போனது. கண்ணில் தண்ணீர் வராமல் கும்பிட்ட மாதிரியே இல்லை என்று இரண்டு அம்மாமார் நிர்வாகத்திடம் முறையிட்டார்கள்.

என்னைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. "உமக்கு எக்செஸ் எயார், தம்பி." தேவைக்கு மிஞ்சிக் காற்றை விட்டால் சுடர் என்னவோ எரியுமாம், சூடு முழுவதும் புகைபோக்கியால் வெளியே போய்விடுமாம். "இவ்வளவு காத்தை வாயாலை விட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?" இதையெல்லாம் அவர் மாதிரியே பேசிக்காட்டி, சந்திக்கிற ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தேன். பகிடி விடுவதில் எனக்கு நிகரில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்புக்கு ஒரு பெப்ரவரி மாதம் நல்ல அடி விழுந்தது. என் மனைவி சுமதி, வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு வருடம் பிரெஞ்சு படித்து, டிப்ளோமா எடுத்து, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்தெரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த வார இறுதியில் ஒரு பிறந்தநாள் விழா. மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மூக்குத் துடைக்கிறதுக்கு ரெண்டு வருசப் படிப்பாம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் சுமதி பெட்டியோடு மெட்ரோ ஏறி, லொங்குய்யில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவிடமிருந்து ஒரேயொரு செய்தி வந்தது: 'அவள் திரும்பி வாற யோசனையிலை இல்லை.'

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு இருபத்தேழு தரம் ஃபோன் எடுத்தேன். இருபத்தெட்டாவது தரம் எடுக்கப் போகையில் பொயிலர் அண்ணை கதவைத் தட்டினார். நான் குறுக்கும் மறுக்கும் நடக்கிற சத்தம் கீழே கேட்டிருக்கிறது.

"என்ன தம்பி, சுடர் நூந்து அணைஞ்சிட்டுதோ?"

"ஓம், அண்ணை."

"எத்தினை தரம் ரீசெட் பட்டனை அமத்தினீர்?"

"இருபத்தேழு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கதிரையில் இருந்தார். "பொயிலருக்குள்ளை எரியிற பேர்னர் நூந்தால் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அதுக்குப் பேர் லொக்அவுட். என்னத்தாலை நூந்தது எண்டு பாக்காமல் ரீசெட்டை அமத்திக்கொண்டு நிண்டால், எரியாத காஸ் எல்லாம் உள்ளுக்கை நிரம்பும். இப்ப நீர் போய் அவவுக்கு முன்னாலை வாயைத் திறந்தால், அரைவாசி லொங்குய் இருக்காது."

"அப்ப என்ன செய்யிறது?"

"பேர்ஜ். காத்தடிச்சு உள்ளுக்கை இருக்கிறதை வெளியிலை தள்ளவேணும். நாலு தரம் முழுக் காத்தும் மாறவேணும்."

எழும்பிப்போய் முன் ஜன்னலையும் பின் கதவையும் அகலத் திறந்தார். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. நாலு நாள், நாளுக்கு ஒரு தரம், இதே திருவிழா. என் ஃபோன் அவருடைய சட்டைப்பைக்குள். நான் இரண்டு போர்வைக்குள் நடுங்க, அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார். சுமதி ஆசையாய் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று இரண்டாம் நாளே செத்துப்போனது. அதைத் தனிக் கேஸாகப் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஒவ்வொரு நாளும் ஜன்னலைச் சாத்த முதல் ஒரே கேள்வி. "என்னத்தாலை நூந்தது?"

முதல் நாள் சொன்னேன்: "அவவுக்குக் கோபம், அண்ணை."

"அது நூந்த பிறகு நடந்தது. காரணத்தைச் சொல்லும்."

இரண்டாம் நாள்: "ஆக்கள் சிரிச்சுப்போட்டினம்."

"ஆக்களே உம்மட பேர்னர்?"

மூன்றாம் நாள்: "நான் ஒரு பகிடி விட்டனான்."

"கிட்ட வந்திட்டீர். ஏன் விட்டனீர்?"

நாலாம் நாள் குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. பொய் சொல்லத் தெம்பில்லை. "நானும் அந்தப் பிரெஞ்சுச் சோதினை எடுத்தனான், அண்ணை. ரெண்டு தரம் ஃபெயில். அவ முதல் தரத்திலையே பாஸ்."

அண்ணை எழும்பி ஜன்னலைச் சாத்தினார். "இப்ப பத்தவைக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை மஞ்சள் லைன் மெட்ரோவில் இருவரும் லொங்குய் போனோம். அவர் எதற்கு என்று கேட்டேன். "நான் கதைக்க மாட்டன். நான் ஃபிளேம் ஸ்கானர். சுடர் பிடிக்குதோ எண்டு பாக்கிற கண். முதல் பைலட், சின்னச் சுடர். அதுக்குப் பத்துச் செக்கன். பிடிக்காட்டி காஸை வெட்டுவன்."

அக்கா கதவைத் திறந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுமதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் பாடமாக்கிய பேச்சைத் தொடங்கினேன்.

"சுமதி, எங்கட பதினொரு வருசக் குடும்ப வாழ்க்கையிலை எத்தினையோ மேடு பள்ளங்களை…"

"கட்," என்றார் அண்ணை. என் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே ஸ்னோவுக்குள் நிறுத்தினார். காலில் காலுறை மட்டும். "பைலட்டுக்கு இவ்வளவு காஸ் விடுறதே? நில்லும். பேர்ஜ்."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி உள்ளே. சின்னதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று, "சுமதி, பசிக்குது," என்றேன். அவள் புருவம் மேலே போனது. பத்துச் செக்கன். "கட்." மறுபடி ஸ்னோ. மூன்றாம் தரம் என் பல்லுக் கிடுகிடுத்ததில் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு மறுபடி கொலரில் கை வைத்தார்.

"அண்ணை, அவரை விடுங்கோ," என்றாள் சுமதி.

"தங்கச்சி, சுடர் பிடிக்கேல்லை."

"அந்தாள் ஈரக் காலுறையோடை நிக்குது. உங்களுக்கு என்ன விசரே? எங்கட பிரச்சினையை நாங்கள் பாப்பம்."

என்னை உள்ளே இழுத்து, அண்ணையை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினாள். கால் துடைக்க ஒரு துவாயைக் கொண்டுவந்து என் காலடியில் எறிந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்கோ," என்றாள்.

"எனக்குப் பொறாமை. நீர் பாஸ் பண்ணினீர், நான் ஃபெயில் விட்டனான். உம்மட முகத்துக்கு முன்னாலை அதைத் தாங்க ஏலாமல்தான் அப்பிடிச் சொன்னனான்."

அவள் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். "அது எனக்கு முதலே தெரியும். உங்கட வாயாலை வருமோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்," என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு இருவரும் நிறையப் பேசினோம். கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

முக்கால் மணித்தியாலம் போனபின், குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற அக்கா கேட்டாள்: "வெளியிலை ஓராள் நிண்டதல்லோ?"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். விட்ட இடத்திலேயே நின்றார். மீசை முழுக்க வெள்ளையாய் உறைந்திருந்தது. சுமதி பதறிப்போனாள்.

"ஏன் அண்ணை பெல் அடிக்கேல்லை?"

"பிடிச்ச உடனை சுடரைக் குழப்பக் கூடாது, தங்கச்சி. கொஞ்ச நேரம் சின்னத் தீயிலை தன்ர பாட்டிலை விடவேணும்."

தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க அவருடைய விரல்கள் மடங்கவில்லை. சுமதி பிடித்துக்கொள்ள, ஒரு பிள்ளையைப் போலக் குடித்தார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பெல் அடித்திருப்பார்கள்.