ரெண்டாம் பந்திக்காரர் போட்ட ரெண்டாவது ஊசி

திருவண்ணாமலையில் அவர் வயிற்றிடம் தோற்காத கல்யாண மண்டபமே கிடையாது. முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, புது ஆள் போல ரெண்டாம் பந்தியிலும் வந்து உட்காருவார். அதனால் பெயரே ரெண்டாம் பந்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் அவருக்கும் எனக்கும் வேலை. வேலை முடித்துப் போகும் எனக்கு எப்போதும் ரெண்டாம் பந்திதான். பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு அவருக்கு இடம் பிடிப்பேன். திட்டிக்கொண்டேதான்.

இளைக்க வேண்டும் என்று பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனார். வழியெல்லாம் அன்னதானம். கிளம்பியதைவிடக் கனமாகத் திரும்பினார்.

"சர்க்கரை ஜாஸ்தி, எடையைக் குறைங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று அவரிடமே கேட்டிருக்கலாம். இந்த மனுஷன் ஜிம் நடத்தும் ஒருவனிடம் எடை குறைக்கும் ஊசி வாங்கி வந்தார். வாரம் ஒன்று வயிற்றில் குத்திக்கொள்வது.

"டாக்டர் சீட்டு எங்கய்யா?"

"பசியே வராதாம்பா. அதுக்கு எதுக்கு சீட்டு?"

பசி போனது. குமட்டல் வந்தது. எடை மட்டும் அவர் அவசரத்துக்கு இறங்கவில்லை. புத்தியைக் காட்டினார். அதே வாரத்தில் இன்னொரு ஊசி. ஊசிக்கும் ரெண்டாம் பந்தி!

அந்தப் பௌர்ணமிக்கு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் வாந்தி. அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தலில் ஒருவர் சூடாகச் சாம்பார் சாதம் நீட்டினார்.

"வேணாங்க."

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. திரும்பினால், சட்டையெல்லாம் வியர்வை, கை நடுக்கம். பந்தல் காலைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். "சாப்பிடாம சர்க்கரை மாத்திரை மட்டும் முழுங்கினீங்களா? சுகர் ரொம்பக் கம்மி ஆயிடுச்சு. உடம்புல தண்ணியே இல்ல. இந்த ஊசி எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க. கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு, நாங்க பாத்துப் பாத்துதான் ஏத்துவோம். வாந்தி நிக்கலன்னா அப்பவே ஓடி வரணும்."

குளுக்கோஸ் இறங்கியதும் ரெண்டாம் பந்திக்காரர் என் பக்கம் திரும்பி முனகினார்.

"அந்த சாம்பார் சாதம் இன்னும் இருக்குமாப்பா?"

"வாயை மூடுய்யா!"

இப்போது டாக்டரம்மா சொல்லும் அளவில் மட்டும்தான் ஊசி போட்டுக்கொள்கிறார். போன வாரம் வேங்கிக்காலில் ஒரு கல்யாணம். முதல் பந்தியில் கொஞ்சமாகச் சாப்பிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் ரெண்டாம் பந்தியில் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு, உட்கார வந்தவனை எல்லாம் முறைத்து விரட்டினேன்.