கம்ப்யூட்டர் ரூமில் காளானுக்கு இடமில்லை

கணபதி, கோவை-6
23.4.1995

மதிப்புமிக்க வெள்ளியங்கிரி மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை தெய்வாத்தாளைக் கட்டிய தம்பிதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தெய்வாத்தாள், கல்லூரியில் என் பொறுப்பிலிருக்கும் பதினைந்து கம்ப்யூட்டர்கள் எல்லோரும் சுகம். தொண்டாமுத்தூரில் தாங்களும், அக்காவும், யானை மிதித்தது போக மிச்சமிருக்கும் வாழையும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. யானை வாய் வைக்காத பயிராகப் பார்த்து இனிமேல் காளான் போடப் போவதாகவும், காளான் வித்துப் பைகள் இந்த வெயிலில் கெட்டுப்போகாமலிருக்க எங்கள் துறையின் ஏ.சி. லேபில் ஒரு மூலையில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது மச்சான். "எங்க மாப்ள காலேஜுல ஏ.சி. மிஷினே அவரு கையிலதானுங்" என்று இதற்குள் ஊர் பூராவும் சொல்லி முடித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் முடியாது. இதைத் தெய்வாத்தாளிடம் சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, குழம்பில் உப்பும் போடுவதில்லை. உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொண்டு உறுதியாக இருக்கிறேன். ஏன் இத்தனை உறுதி என்பதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் கல்லூரி முழுவதற்கும் ஏ.சி. இருப்பது அந்த ஓர் அறையில் மட்டும்தான். அதுவும் மனுசருக்கு இல்லை, மிஷினுக்கு. கணக்கு வாத்தியாராக நிம்மதியாக இருந்த என்னைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் சயின்சுக்குத் தலைவராக உட்கார வைத்த நாளில் எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதற்குத் தூசி ஆகாது. ஆகவே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். நான் போட்ட உத்தரவுகளிலேயே இன்றுவரை எல்லோரும் கேட்டு நடப்பது இது ஒன்றைத்தான். பங்குனி பிறந்ததும் பார்க்க வேண்டும் மச்சான், முதலில் வந்தவர் தமிழ்த்துறை ராசப்பன். "ஏனுங் தம்பிதுரை, கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கக் கத்துக்கலாம்னு வந்தனுங்" என்று உட்கார்ந்தார், ஐந்தாவது நிமிடம் குறட்டை. பிராக்டிகல் செய்துகொண்டிருந்த பையன்கள் யு.பி.எஸ். பழுதாகிவிட்டதென்று எழுந்து ஓடி வந்தார்கள். மறுநாள் அவர் தாவரவியல்காரர்களைக் கூட்டிவந்தார், அவர்கள் ஏதோ கொடியை ஈரத்துணியில் சுற்றி மானிட்டருக்குப் பின்னால் வைத்தார்கள். வேதியியல் அம்மணிகள் மல்லிகைப் பூ வாடாமலிருக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆபீஸ் சூப்பிரண்டு புளிசாதப் பொட்டலத்தோடு வந்து, "வெளிய சோறு நசநசங்குதுங்" என்று பிரிண்டர் மேசையில் பிரித்தார். பூ வாசமும் புளி வாசமுமாக அது லேபா, கல்யாண மண்டபமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

லேபைப் பார்த்துக்கொள்வது ரம்லா. கோட்டைமேட்டுப் பெண், எங்கள் துறையில் கம்ப்யூட்டரை உண்மையாகவே படித்தவர்களில் ஒருத்தி. "ஏம்மா, இத்தனை பேரை ஏன் உள்ளே விடறே?" என்று கேட்டேன். "நானா விடறேன்? போங்கன்னு சொன்னா, 'இந்தாம்மா கண்ணு'ன்னு ஆளுக்கொரு முறுக்கு குடுக்கறாங்க சார். நம்ம பசங்களும் அந்த முறுக்குக்காகவே சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ப்ரோகிராம் போடறாங்க" என்றாள். அந்நியர் நுழையக் கூடாது என்று அறிவிப்பு எழுதிக் கதவில் ஒட்டினேன். ராசப்பன் அதை நின்று நிதானமாகப் படித்தார், ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார், நேராகப் போய் எல்லா ஆசிரியரும் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று பிரின்சிபாலிடம் மனுக் கொடுத்தார். பிரின்சிபாலும் நல்ல யோசனை என்று அனுமதித்து, மத்தியானம் தானே முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார். நான் என்னத்தைச் செய்ய?

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் எம்.சி.ஏ. விஷயம். அந்தப் படிப்பைத் தொடங்கப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கேட்டிருந்தோம். கிடைக்காவிட்டால் எங்கள் துறையைக் கணக்குத் துறையோடு சேர்த்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. சேர்த்தால் ரம்லாவோடு நான்கு தற்காலிக ஆசிரியர்களுக்கு வேலை போய்விடும். அந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தவன் நான், அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? லேபைப் பார்வையிட வியாழக்கிழமை பல்கலைக்கழகக் கமிட்டி வருகிறது என்று தகவல் வந்தது. அன்றைக்கு ஒரு வெளியாள் நிழல்கூட லேபில் விழக் கூடாது என்று புதன்கிழமை மத்தியானமே மொபெட்டை எடுத்துக்கொண்டு கணபதி கடைவீதிக்குப் போய் நல்ல கனமான பூட்டாக ஒன்று வாங்கினேன்.

பூட்டும் கையுமாகத் திரும்பி வருகிறேன், லேப் வாசலில் வெள்ளைக் கார் நிற்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னாலேயே கமிட்டி வந்துவிட்டது! மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் நரைத்த தலைக்காரர் கதவுக்கு முன்னால் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நகராமல் நிற்கிறார். தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, பிரின்சிபாலின் பூட்ஸ், அத்தனையும் படிக்கட்டு வரைக்கும் கிடக்கிறது.

"இத்தனை பேரும் உள்ள இருக்காங்களா?" என்றார்.

நான் பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ரம்லாதான் முன்னால் வந்தாள். "எங்க லேபுல எடமே பத்தறதில்லைங்க சார்" என்றாள். ஒரு எழுத்துப் பொய்யில்லை பாருங்கள்.

அந்த மனுசர் முகம் மலர்ந்துபோயிற்று. "நாங்க போற எடத்துல எல்லாம் வாடகைக்குக் கொண்டாந்து வெச்ச கம்ப்யூட்டருங்க. மேல மூடுன பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. இங்கதான் வாசல்ல செருப்பு விட எடமில்லாம பாக்கறேன்" என்று சொல்லித் தன் ஷூவையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளே ராசப்பன் தூங்குகிறார். அவர் முழங்கை ஏதோ விசைமேல் கிடக்க, திரையில் ஒரே எழுத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "இது என்ன ப்ரோகிராம்?" என்று கமிட்டி கேட்டது. முடிந்தது கதை என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ரம்லா சளைக்கவில்லை. "நிக்காம ஓடற ப்ரோகிராமுங்க சார். கண்டிஷன் தப்பாக் குடுத்தா இப்படித்தான் ஆகும்னு பசங்களுக்குக் காட்டறோம்." ராசப்பன் கண்ணைத் திறந்தார். "ஆமாங். நானும் நெம்ப நேரமா நிறுத்தத்தான் பாக்கறனுங்" என்றார். கமிட்டிக்கு அவ்வளவு திருப்தி.

தாங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் துறை செருப்பால் பிழைத்தது என்று நாளைக்கு ஒருத்தன் வாயால் வரக் கூடாது. தகுதியால் பிழைத்தது என்றே இருக்க வேண்டும். ஆகவே வாங்கி வைத்திருந்த பூட்டை வியாழக்கிழமை காலையிலேயே போட்டேன். பிராக்டிகல் நேரத்துக்கு மட்டும் திறப்பேன், மாணவர் தவிர ஒருவருக்கும் அனுமதி கிடையாது. பிரின்சிபாலே வந்து நின்றார், "மன்னிக்கோணுங் சார்" என்று சொல்லிவிட்டேன். லேப் இப்போது அமைதியாக இருக்கிறது, அத்தனை அமைதி. பிரின்சிபாலுக்கே இல்லை என்றவன் காளானுக்குக் கதவு திறந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஆகவே தாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். இதில் மாற்றமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். காளான் நன்றாக முளைக்கட்டும், யானை அந்தப் பக்கம் தலை வைக்காமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
தம்பிதுரை

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): இதைத் தபாலில் போட எடுத்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. லேப் பயன்பாடு மிகச் சிறப்பாம், ஆனால் அன்று மட்டும் கூட்டிவந்த கூட்டமா, எப்போதும் உள்ள கூட்டமா என்று மே முதல் வாரத்தில் ஏதோ ஒரு நாள் மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் எம்.சி.ஏ. தருவார்களாம். ஓடிப்போய் லேபைத் திறந்தேன். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, அது என்னுடையது. பையன்கள்கூடப் பிராக்டிகல் முடிந்தால் நிற்பதில்லை. "அவிக எல்லாம் இல்லாம போரடிக்குதுங் சார்" என்கிறார்கள். அந்த வெறும் அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். ராசப்பனிடம் போய், வாங்க என்று கெஞ்சினேன். "பூட்டுப் போட்ட ஊட்டுக்கு நாங்க எப்புடீங் வர்றது? முறையா அழைப்புன்னு ஒண்ணு வேணுமல்லங்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே தெய்வாத்தாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தந்திருக்கிறாள், நாளைக்கு ஒவ்வொரு துறையாகப் போய் அழைக்கப் போகிறேன். இன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

காளான் பைகளை உடனே கொண்டுவரவும். ஏ.சி.க்கு நேர் கீழே இடம் ஒதுக்கிவிட்டேன். அதைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் ஒறம்பரை, சொந்தபந்தம் எத்தனை பேர் வந்தாலும் சந்தோஷம், கமிட்டி வரும் நாள்வரை தங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. தோட்டத்தில் நடக்கிற மாதிரி வெறுங்காலோடு வராமல், எல்லோரும் தவறாமல் செருப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.