மருமகன் கண்ணில் படாத கப்பல்

நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் சபிர்ஜான், அவர் தலைக்கு மேல் கப்பல். அலமாரி உச்சியில் அதை உட்கார வைக்க என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். நடுப் பாய்மரம் கூரையில் இடித்தது.

"கூரையில ஒரு ஓட்டை போட்டுடுங்க. மேல் வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள் கீழேயிருந்து மனைவி ரைகான்.

"நீ நாற்காலியைப் பிடி. பேசாதே!"

சற்று முன்புதான் அக்கா ஃபோன் செய்திருந்தாள். அவள் மகன் அல்மாஸும் மருமகள் அய்னாஷும் மதியத் தேநீருக்கு வருகிறார்களாம். "உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். என்னன்னு எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறான்," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். அந்த 'ஏதோ' என்னவென்று சபிர்ஜானுக்கு உடனே புரிந்துவிட்டது. கப்பலைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிப் பெருமையடித்தவர் அவர்தானே.

அந்த ஊர் வழக்கப்படி, அக்காள் மகன் வாய் திறந்து கேட்டுவிட்டால், அது எதுவானாலும் தாய்மாமன் கொடுத்தே ஆக வேண்டும். வாழ்நாளில் மூன்று தடவை. மூன்றும் தீரும்வரை தாய்மாமனுக்கு எந்தப் பொருளும் சொந்தமில்லை. இதை அநியாயம் என்றும் சபிர்ஜான் சொல்ல முடியாது. அவரே தன் தாய்மாமனிடம் இப்படித்தான் ஒரு குதிரையைக் கேட்டு வாங்கினார்.

அல்மாஸ் முதல் தடவை கேட்டது, புதிதாக வண்ணம் பூசிய மோட்டார் சைக்கிளை. இரண்டாம் தடவை, வேட்டை நாயை. அந்த நாயும் நன்றி கெட்டது, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் காரில் ஏறிக்கொண்டது. இன்னும் ஒரு தடவை பாக்கி.

ஜெஸ்காஸ்கன் ஊரிலிருந்து எந்தத் திசையில் ரயில் ஏறினாலும், கடல் வருவதற்குள் கட்டிக்கொண்டு போன ரொட்டியெல்லாம் தீர்ந்துவிடும். தாமிரச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சபிர்ஜான் கடலைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை வீட்டிலேயே மிதக்க விடலாமென்று இத்தாலியிலிருந்து கப்பல் பெட்டி ஒன்றை வரவழைத்தார். திறந்தால் உள்ளே குச்சிகளும், நூல்கண்டும், பித்தளைத் துணுக்குகளும். "உடைஞ்சு போய் வந்திருக்கு, திருப்பி அனுப்புங்க," என்றாள் ரைகான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளுடைய சூப் பானையில் பலகைகள் ஊறின. அவள் முடி சுருட்டும் இடுக்கியில் அவை வளைந்தன. அவளுடைய புருவ இடுக்கியில்தான் பாய்க்கயிறுகளுக்கு முடிச்சு விழுந்தது. ரைகானின் புருவம் காடாகிவிட்டது. ஆனால் கப்பல் அழகென்றால் அப்படியொரு அழகு! அவர் வாழ்க்கையில் வேறெதையும் இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. பெற்ற பிள்ளையைப் போல அதன் மேல் உயிரையே வைத்திருந்தார்.

அலமாரி சரிப்படவில்லை. அடுத்து, அறை மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மெத்தைகள் அவர் கண்ணில் பட்டன. நடுவில் பொந்து செய்து கப்பலைச் சொருகினார்.

"அவங்க வந்தா எதுல உக்காருவாங்க? வெறும் தரையிலயா?" ரைகான் ஒரு மெத்தையை இழுத்தாள். அடுக்கு சரிந்தது. சபிர்ஜான் குறுக்கே விழுந்து கப்பலைக் காப்பாற்றினார். ஒரே ஒரு உயிர்காப்புப் படகு மட்டும் கழன்று விழுந்தது. அதை எடுத்து மறுபடி ஒட்டினார்.

"வந்தா வரட்டுமே. கேட்டா குடுத்துட்டுப் போங்க," என்றாள் ரைகான்.

"நாயைக் குடுத்தேன்! இனிமே இதையும் குடுத்துட்டு நான் எதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? உன் புருவத்தையா?"

கோபத்தோடு கப்பலைப் படுக்கை விரிப்பில் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு, கீழ் மாடி நண்பன் வீட்டில் ஒளித்து வைக்கப் புறப்பட்டார். கயிறுகள் அறுந்துவிடுமே என்று படி படியாகப் பூனை நடை நடந்தார். மூன்றாம் மாடியில் அண்டை வீட்டு குல்யாஷ் எதிரே வந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரிந்தது எதுவும் பிறகு ரகசியமாக இருந்ததில்லை.

"என்ன தம்பி, இவ்வளவு பதமாத் தூக்கிட்டுப் போறே?"

"உஷ்ஷ்! சத்தம் போடாதீங்க அக்கா," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மேலே ஏறிவிட்டார்.

வேறு வழி தெரியவில்லை. பால்கனியில் தக்காளி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் குடும்பத்தின் பழைய மரத்தொட்டில் கிடந்தது. கண்ணெதிரே இருக்கட்டுமென்று தொட்டிலை அறைக்குள் தூக்கி வந்து, துடைத்து, தலையணை போட்டுக் கப்பலை அதில் சாய்த்து இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. தொட்டிலுக்கு மேலே குறுக்காக ஓடும் கட்டையில் துணியைப் போர்த்தினார். கப்பலின் முன்பக்கக் கொம்பு மட்டும் துணியை லேசாகக் குத்திக்கொண்டு நின்றது. குழந்தை காலை நீட்டிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தது.

"இதை எவன் திறந்து பார்க்கப்போறான்?" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. உப்பு கேட்டு வந்த குல்யாஷ் தொட்டிலைப் பார்த்தாள். உப்பை மறந்தாள்.

"அப்ப நான் நெனச்சது சரிதான்! யாரோட கொழந்தை?"

"ஒரு... சொந்தக்காரங்களோடது," என்றார் சபிர்ஜான்.

"நெருங்கின சொந்தமா?"

"ரொம்ப நெருக்கம்."

குல்யாஷ் நெஞ்சில் கை வைத்து, கண்ணாலேயே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். விருந்தாளிகளுக்காகப் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்த ரைகான் கரண்டியோடு வந்தாள்.

"நெருங்கின சொந்தம்னா என்ன அர்த்தம்? நம்மளுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

"யாரு அப்படியெல்லாம் யோசிக்கப்போறாங்க?"

ஃபோன் அடித்தது. அஸ்தானாவிலிருந்து மகள் ஷோல்பான். "அம்மா, எனக்குக் கொழந்தை பொறந்திருக்காமே? பையனா, பொண்ணா? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

ரைகான் ஃபோனைக் கணவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அல்மாஸும் அய்னாஷும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மெத்தைகள் விரிந்தன, பால் தேநீர் வந்தது. சபிர்ஜான் தொட்டிலை முதுகால் மறைத்து உட்கார்ந்தார். அய்னாஷ் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மாமா, நீங்க கட்டின கப்பல் எங்கே? அத்தை படம் காட்டினாங்க."

"அதுவா... மூழ்கிடுச்சும்மா."

"இந்த ஊர்ல எங்கே மாமா மூழ்கும்?"

"குளிக்கற தொட்டியில."

"அடடா," என்றான் அல்மாஸ். அவ்வளவுதான். முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. சபிர்ஜானுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. பையன் கப்பலுக்காக வரவில்லையோ? ஆனால் அல்மாஸ் கோப்பையைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினான்.

"மாமா, எனக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு இல்ல..."

"பவுர்சாக் எடுத்துக்கோ!"

"எடுத்துக்கிட்டேன் மாமா. வந்து, நாங்க..."

"ஜாம் வச்சுச் சாப்பிடு! நல்லா மெல்லு!"

அப்போது கதவு தானாகவே திறந்தது. குல்யாஷும், அவள் பின்னால் கட்டடத்துப் பெண்கள் பாதிப் பேரும் உள்ளே நுழைந்தார்கள். சின்னக் காலுறை, சின்னத் தொப்பி, துணி, மிட்டாய், ஆளுக்கொன்று கையில் இருந்தது.

"வெறுங்கையோட பார்க்க வரலை. இனிமே கொழந்தையைக் காட்டித்தான் ஆகணும்!"

"கொழந்தையா?" என்றான் அல்மாஸ்.

"தூங்குது!" என்று சபிர்ஜான் கையை விரித்துக்கொண்டு எழுந்தார். குல்யாஷ் அவர் அக்குளுக்குக் கீழே புகுந்து துணியைப் பிடித்தாள்.

"மெதுவா! கயிறு! கயிறு மாட்டிக்கும்!" என்று அவர் அலறினார்.

துணி விலகியது. மூன்று பாய்மரமும், வரிசையாகப் பித்தளைப் பீரங்கிகளுமாக, தலையணை மேல் கப்பல் படுத்திருந்தது.

"இது யாரு சாயல்?" என்றாள் குல்யாஷ்.

அல்மாஸ் மெல்ல எழுந்து வந்து தொட்டில் கட்டையைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமா, உங்களுக்கு யார் சொன்னது? அம்மாகிட்டக்கூட நாங்க இன்னும் சொல்லலையே."

"என்ன சொல்லலை?" என்றாள் ரைகான். அதற்குள் அய்னாஷின் கை தன் வயிற்றுக்குப் போயிருந்தது. ரைகான் அதைப் பார்த்துவிட்டாள். கரண்டி கீழே விழுந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு..." அல்மாஸ் தொட்டிலை ஒரு தடவை மெல்ல ஆட்டிப் பார்த்தான். "நான் பொறந்ததும் அம்மா என்னை இதுலதான் போட்டு ஆட்டினாங்களாம். இதைக் கேக்கத்தான் மாமா வந்தோம். நீங்க அதுக்கு முன்னாடியே எடுத்துத் தொடச்சு, துணி போட்டு, என் கொழந்தை விளையாட உங்க கப்பலையும் உள்ள வச்சு... மூழ்கிடுச்சுன்னு பொய் வேற சொல்லி..."

அவன் மாமாவைக் கட்டிக்கொண்டான். சபிர்ஜானுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இத்தனை வருஷமாக மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தது அவருக்குத் தெரியும். மருமகனின் முதுகைத் தட்டிக்கொண்டே, அவன் தோளுக்கு மேலாக நடுப் பாய்மரத்தைப் பார்த்தார்.

"கொழந்தைக்குத்தான்," என்றார். "பின்னே யாருக்கு?"

அவர் கண்ணிலிருந்து வழிந்ததை எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டார்கள். பாதி அப்படித்தான். நல்ல சேதி கேட்டால் செய்யும் வழக்கப்படி குல்யாஷ் மிட்டாயை வாரி இறைத்தாள். ஒன்று கப்பலின் மேல்தளத்தில் விழுந்து உயிர்காப்புப் படகு மறுபடி கழன்றது. பெண்கள் காலுறையையும் தொப்பியையும் கப்பல் மேலேயே அடுக்கினார்கள்.

அய்னாஷ் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். கணவனின் சட்டையை மெல்ல இழுத்தாள்.

"என்னங்க, நாம வாயைத் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே மாமா எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டாரே. அப்போ உங்க மூணாவது தடவை இன்னும் அப்படியே இருக்கு இல்ல?"