பௌர்ணமியன்று கம்பெனி வாங்க வந்தவர்

வாசலில் நிற்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வது அந்தக் காலத்தில் என் கெட்ட பழக்கம். அதை ஒரு கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பதுதான் என் பாவம்.

ஈமெயில் எங்கள் ஊரில் புதுசாகப் பரவிய வருடங்கள் அவை. திருவண்ணாமலை செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடி அறைகளை அப்பா கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கீழே ஓர் அறையில் எங்கள் கம்பெனி. வேண்டாத ஈமெயில்களைத் தடுக்கும் சாஃப்ட்வேர் செய்தோம். அதை எழுதியது கலா அக்கா. முதலாளி நான். ("ஆம்பளப் புள்ள பேர்லயே இருக்கட்டும்" என்றார் அப்பா. நானும் பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.)

எது குப்பை என்று நாம் ஒதுக்கிக் காட்டினால், அதே மாதிரி வருவதை சாஃப்ட்வேர் தானே ஒதுக்கப் பழகும். அப்படிப் பழக்குவது மட்டும்தான் என் வேலை. அறை கேட்டு வரும் கடிதங்களும் அதே முகவரிக்குத்தான் வரும். பௌர்ணமி நெருங்கினால் குவிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் "ரூம் இல்லை" என்று எழுதச் சோம்பல்பட்டு, அத்தனையையும் குப்பையில் போட்டேன். சில மாதங்களில் பௌர்ணமி என்று பேச்செடுத்தாலே சாஃப்ட்வேர் தள்ளிவிட ஆரம்பித்தது. வேலை மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் வாடிக்கையாளர்கள் பெருகவில்லை. அக்காவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்திய சென்னைக்காரர் ஒருவர், கம்பெனியில் பங்கு எடுக்க வருவதாகவும், தேதியை மெயிலில் சொல்வதாகவும் போனில் பேசியிருந்தார். பதினைந்து நாளாக மெயில் இல்லை. நாமே போன் பண்ணிக் கெஞ்சக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன் (முதலாளி அல்லவா!).

"அவர் வரமாட்டார்டா. திங்கக்கெழம நான் பெங்களூர் போறேன்" என்று அக்கா பெட்டி கட்டினாள். அவள் போய்விட்டால் கம்பெனியில் மிச்சம் நானும் பெயர்ப்பலகையும்தான்.

சனிக்கிழமை பௌர்ணமி. மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். காலில் செருப்பில்லை, தலையில் துண்டு, சட்டையெல்லாம் வியர்வை.

"ரூம் இல்லீங்க" என்றேன்.

"தம்பி, நான் ரூமுக்கு வரல. கம்பெனி விஷயமா..."

"எந்தக் கம்பெனியா இருந்தாலும் இல்லீங்க. கூட்டம் ஜாஸ்தி. ஆசிரமத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

கதவைச் சாத்திவிட்டேன். மறுபடியும் தட்டினார். "உங்க கம்பெனியில பங்கு வாங்க வந்திருக்கேன்!" என்று வெளியிலிருந்தே கத்தினார். அக்கா ஓடிப்போய்த் திறந்தாள்.

"வர்றதா ஒரு மெயில் போட்டிருக்கலாமே சார்" என்றேன். (திமிர் அப்போதும் இறங்கவில்லை.)

"மூணு போட்டேன்."

அக்கா கம்ப்யூட்டரில் குப்பைப் பெட்டியைத் திறந்தாள். மூன்றும் இருந்தன. 'பௌர்ணமியன்று வருகிறேன். கிரிவலம் முடித்துக் கையெழுத்துப் போடலாம். தங்க ஓர் அறை கிடைக்குமா?' பதில் வராததால் மனிதர் நேரில் கிளம்பிவிட்டார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியதால் நடந்தே வந்திருக்கிறார். செருப்பு கூட்டத்தில் போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் அந்தப் பட்டியலைக் கீழே வரைக்கும் பார்த்தார். மாதக்கணக்கில் அறை கேட்டவர்கள் அத்தனை பேரும் அதில் கிடந்தார்கள். திடீரென்று சிரித்தார்.

"உங்க சாஃப்ட்வேர் சொல்லிக் குடுத்தத அப்படியே கத்துக்கிட்டிருக்கே! யார் எழுதினது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"சொல்லிக் குடுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"பங்கெல்லாம் யார் பேர்ல இருக்கு?"

சத்தம் கேட்டு வந்து நின்றிருந்த அப்பா மின்விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: மற்றதெல்லாம் அக்கா பெயருக்கு மாற வேண்டும். கையெழுத்துப் போடும்போது அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா பெட்டியைப் பிரித்துப் புடவைகளை மறுபடி அலமாரியில் அடுக்கியதைப் பார்த்ததும், அப்பாடா என்றிருந்தது.

இப்போது மாடி அறைகளிலும் கம்பெனிதான். கீழ்பென்னாத்தூரிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு (அக்கா மனசு வைத்துக் கொடுத்தது). அலுவலகத்தில் யாரும் குப்பைப் பெட்டி என்று சொல்வதில்லை. அக்கா அதற்கு என் பெயரை வைத்துவிட்டாள். கடிதம் காணவில்லை என்றால், "குமார்ல பாத்தியா?" என்பார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், "நான் குமார்" என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவள் ஒரு கணம் விழித்தாள்.

"சார், உங்களைத்தான் தெனம் சாயங்காலம் காலி பண்றேன்" என்றாள்.