மஞ்சள் பூசிய எக்சிட்டான்

நல்ல சேதி என் வயிற்றில் அரை மணி நேரம்கூடத் தங்காது. இந்த லட்சணத்தில்தான் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் தலைப்பு எக்சிட்டான். (ஓடிவிடாதீர்கள், நாலு வரிதான்.) இரண்டு மூன்று அணு கனமே உள்ள குறைகடத்தித் தாளில் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும், அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடமும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரிவதுதான் எக்சிட்டான். இரண்டு தாள்களை அடுக்கினால் எலக்ட்ரான் மாடியில், காலியிடம் கீழ்வீட்டில். ஆனாலும் பந்தம் விடாது. என் வீட்டுக்காரருக்கு அப்போது வால்பாறையில் வேலை, எனக்குக் கோவையில் ஆய்வகம். அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. எலக்ட்ரான் மறுபடி அந்தக் காலியிடத்தில் போய் விழும்போது மினுக்கென்று ஓர் ஒளி வரும். அதைப் பிடித்தால் பட்டம்.

எட்டு மாதமாகப் பிடிபடவில்லை. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்கம்மா. இல்லீன்னா தலைப்ப மாத்திக்கலாம்" என்றார் வழிகாட்டி சார். மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. மாமனார் துடியலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். "பொட்டு வெக்காத மெசினு மக்கர் பண்ணும் கண்ணு" என்று ஈரோட்டு மஞ்சளும் குங்குமமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

விடுவேனா? லேசர் பெட்டி, நுண்ணோக்கி, கணினி என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்தேன். கடைசியில், தாள்களை அடுக்கியிருந்த சிலிக்கான் சில்லையும் அதே விரலால் எடுத்து விளக்குக்குக் காட்டினேன். (தூசு படக்கூடாது என்று ஜூனியர்களைத் திட்டும் அதே நான்தான்.)

லீவு முடிந்து வந்து லேசரைப் போட்டால், திரையில் ஒளி மலைபோல் எழும்பியது! அழுதே விட்டேன். சாருக்கு முன்னால் மாமனாருக்குத்தான் போன்.

"மாமா, எக்சிட்டான் கெடச்சுப்போச்சுங்க!"

"அப்படிப் போடு அம்மணி! நாஞ் சொன்னனல்லொ!"

மத்தியானம் சார் வந்து பார்த்தார், புருவம் சுருங்கியது. "ஏம்மா, தாள் இல்லாத வெறும் இடத்துல லேசர வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வைத்தேன். அங்கே இன்னும் பெரிய மலை. சார் நுண்ணோக்கியில் குனிந்து நிமிர்ந்தார்.

"லேசர் பட்டா மஞ்சளும் நல்லா ஒளி விடும்னு தெரியுங்களாம்மா?"

மானம் கப்பலேறியது. அது போதாதென்று, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தெருமுனையில் பத்தடி ஃபிளெக்ஸ். கல்யாண ஆல்பத்துப் படத்தில் நான் சிரிக்கிறேன்: 'எக்சிட்டானைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே!' கீழே பட்டறை ஆட்கள் அத்தனை பேர் படமும் வரிசையாக.

"மாமா, அது மஞ்சளுங்க..."

மாமனார் முழுசாகக் கேட்டார். "செரி உடு கண்ணு. நல்லாக் கழுவிப்போட்டு மறுக்கா பாரு" என்று தானே ஏணி போட்டு ஃபிளெக்ஸை அவிழ்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

கழுவினேன். சூடாக்கிக் காயவைத்தேன். அந்தச் சூட்டில், தாள்களுக்கு நடுவே எட்டு மாதமாக மாட்டியிருந்த காற்றுக்குமிழி வெளியேறி, இரண்டும் ஒட்டிக்கொண்டன. லேசரைப் போட்டேன். மலை போய்விட்டது, வேறோர் ஓரத்தில் கடுகளவு மேடு. வெறும் இடத்தில் அது இல்லை! மூன்று தடவை சரிபார்த்தேன். மாசக் கடைசிக்கு இரண்டு நாள் பாக்கி. சார் தலையாட்டும்வரை வாயைத் திறக்கவில்லை. (என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.)

பட்டம் வாங்கியாயிற்று. அந்த ஃபிளெக்ஸ் இன்றும் பட்டறைக்குப் பின்னால் விறகை மூடிக்கொண்டு கிடக்கிறது. வீட்டில் ரசத்துக்கு மஞ்சள் தூக்கலாகிவிட்டால் போதும், மாமனார் உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"அம்மணி, இன்னைக்கு எக்சிட்டான் கொஞ்சம் சாஸ்தியாட்ட இருக்குது!"