மூன்று பேர் இழுத்தால் வலை எத்தனை நிமிடத்தில் ஏறும்?

வைப்பின் தீவு, கொச்சி,
திங்கட்கிழமை

அன்பும் பருமனும் ஒருசேர அமைந்த மைத்துனன் வறீதுக்கு, அத்தான் பைலி தன் சொந்தக் கையால் எழுதுவது.

ஆமாம், சொந்தக் கை. உன் மகளைக் கூப்பிட்டுக் காட்டு. எழுபத்திரண்டு வயதில் கற்ற எழுத்து. கோணலாக இருப்பவை பேனாவின் குற்றம், நேராக இருப்பவை என்னுடையவை. இங்கே முட்டிவலியைத் தவிர மற்றெல்லாம் சுகம். கண்ணூரில் நீங்கள் அனைவரும் அப்படியே, முட்டிவலியும் இல்லாமல் இருக்க மாதா காக்கட்டும்.

விஷயம் அவசரம். வருகிற ஞாயிறு எனக்கும் உன் அக்கா கொச்சுரோசாவுக்கும் முதியோர் கல்வி நாலாம் வகுப்புப் பரீட்சை. பாஸானால் செபஸ்தியார் பெருநாள் பூசையில் நான்தான் வேதவாசகம் படிப்பேன். பங்குச் சாமியார் விகாரியச்சன் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வருடமாகக் கோயில் மணியடிக்கும் கப்பியார் அந்தப்பன் மூக்கால் படிப்பதைக் கேட்டுக் காது புளித்தது உனக்கும் தெரியும். போன தடவை மலையாளத்தில் பாஸ், கணக்கில் இரண்டு மார்க்கில் போச்சு. இந்தத் தடவையும் ஒரு கணக்கு என்னைக் கொல்கிறது.

ஷைனி டீச்சர் எங்களுக்குப் புரியட்டும் என்று நம் சீனவலையையே கணக்காகப் போட்டாள். "ஆறு பேர் சேர்ந்து வலையை நாலு நிமிஷத்துல தூக்கினா, மூணு பேர் எத்தனை நிமிஷத்துல தூக்குவாங்க?" எட்டு நிமிஷமாம். ஆள் பாதியானால் நேரம் இரட்டிப்பாம். புஸ்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. அச்சடித்ததை நான் எப்படி நம்பாமல் இருப்பேன்? படிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் மறுநாள் காலையே வலைக்குப் போய் மூன்று பேரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டேன். நான், குஞ்ஞப்பன், லோனன் மூவரும் கயிற்றைப் பிடித்தோம். வலை தண்ணிக்கு மேல ஒரு சாண் வந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு. வலைக்கு எதிர்ப்பாரமாக் கட்டின கல்லெல்லாம் தொங்கிக்கிட்டு எங்களையே பார்க்குது. ஒரு மடவை மீன் நிதானமா எழும்பி வெளியே போச்சு, அதைப் பார்த்து இன்னொண்ணு. நான் வாட்சைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

"மூப்பா, இன்னும் எத்தனை நிமிஷம்?"ன்னு லோனன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டான்.

"புஸ்தகப்படி வலை ஏறி ரெண்டு நிமிஷம் ஆச்சுடா."

"அப்ப மீனையும் புஸ்தகத்துலயே பிடிச்சுக்கோ!"ன்னு அவன் கையை விட்டான். கயிறு குஞ்ஞப்பனைத் தூக்கிச்சு. வலை கீழே, குஞ்ஞப்பன் மேலே. டீக்கடைல இருந்து மூணு பேரும் கிளாஸோட ஓடி வந்து அவனை இறக்கினாங்க. நீ இருந்திருந்தா இந்தக் கதி வருமா? நீ கயித்துல சாஞ்சாலே வலை வானத்துக்குப் போகுமே!

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தாள். "அப்பச்சா, இது கணக்கு வலை. நிஜ வலை இல்ல."

"அப்போ ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் இழுத்தா, இறக்குறதுக்கு முன்னாடியே வலை ஏறிடுமா டீச்சர்?"

அவள் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். "பரீட்சைல எட்டுன்னு மட்டும் எழுதுங்க, என் தங்க அப்பச்சன்ல" என்றாள்.

வறீதே, நீ முப்பது வருடம் வலை இழுத்தவன், ஆறாம் வகுப்பும் படித்தவன். நான் எட்டு என்று எழுதுவதா, ஏறாது என்று எழுதுவதா? கடலுக்குப் பொய் சொல்லாமல் மார்க் வாங்க வழி உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.

தாமதமாகக் கூடாது என்று கொச்சுரோசாவும் பாதிக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். இரண்டு பேர் எழுதினால் பாதி நேரம் ஆக வேண்டும். அவள் என் முதல் பக்கத்தையே அழித்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

உன் வீட்டுச் சட்டி காலியாகாமல் இருக்கட்டும் என்று வேண்டும்,
அத்தான் பைலி
(கையெழுத்து. பெருவிரல் ரேகை இல்லை, கவனி.)

பின்குறிப்பு: மேலே கேட்டதற்குப் பதில் போடாதே. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆகிவிட்டது. பரீட்சை முடிந்தது. அதே வலைக்கணக்குதான் வந்தது. "எட்டு நிமிடம். மூவரில் ஒருவன் என் மைத்துனன் வறீது என்றால் மட்டும்" என்று எழுதினேன். முழு மார்க். பாஸ்! உன் அக்காவும் பாஸ். அதனால் அச்சன் வாசகத்தை எங்களுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கப்பியார் ஒருவரே நாலு நிமிஷத்தில் படிப்பார், ஆகவே நாங்கள் இருவரும் இரண்டு நிமிஷத்தில் முடிப்போம் என்று ஷைனி டீச்சர் சொல்கிறாள். நேற்று வீட்டில் படித்துப் பார்த்தோம், அரை மணி ஆகியும் பாதிதான் முடிந்தது. நீ பெருநாளுக்கு வரும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வா.