கழுதைக்குட்டி எத்தனை நாள் ஓடும்?

வசூல் ஜோசியர் என்று ஓர் இனம் உண்டு. படம் எடுத்தவர் அல்ல, வாங்கி வெளியிட்டவர் அல்ல, தியேட்டர் வாசலில் பாப்கார்ன் விற்பவர்கூட அல்ல. ஒரு படம் ஓடினால் இவர் பைக்குப் பத்து பைசா வராது, படுத்தால் பத்து பைசா போகாது. ஆனாலும் புதுப் படம் வரும் வெள்ளிக்கிழமை காலையானால் இவர் கால் ஓரிடத்தில் நிற்காது. நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில், பல் டாக்டர் கதவுக்கு வெளியே, கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில்.

தென்காசிக்கு வாய்த்தவர் குற்றாலீஸ்வரன். ஆலங்குளம் சாலையில் தண்ணீர் மோட்டார் விற்கிறார். போன மாதம் எத்தனை மோட்டார் விற்றது என்று கேளுங்கள், மனைவி அனுசியாவைக் கைகாட்டிவிடுவார். அமெரிக்காவில் ஒரு பொம்மைப் படம் மூன்றாவது வாரம் எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள், மோட்டார் வாங்க வந்தவரை நிற்கவைத்துவிட்டு நாற்பது நிமிஷம் பேசுவார். கம்ப்யூட்டரில் செய்த குடும்பப் படங்கள்தான் அவருடைய தனித்துறை. "பெரியவங்க படத்துக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட்டு. பிள்ளைய படத்துக்கு அப்படியா? ஒரு பிள்ளைய இழுத்தா அப்பன், அம்மை, அத்தை, அத்தை பெத்தது எல்லாம் பின்னாலயே வரும்லா அண்ணாச்சி" என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். டிரெய்லர் வந்தால் அதைப் பார்க்க மாட்டார், அதற்குக் கீழே எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்ப்பார். படம் நல்லா இருக்குமா என்று கேட்டால் "ஹோல்டு பண்ணும்" என்பார். எது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கேட்டவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் கணிப்பு பலிக்குமா? பலிக்காமல் போனதே கிடையாது. ஏனென்றால் ஒவ்வொரு கணிப்பின் வாலிலும் ஓர் "ஆனா" தொங்கும். "பிச்சுக்கிட்டு ஓடும், ஆனா பரீட்சை வருது." பரீட்சை வராத நாள் எது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய ஜூன் மாதம், கலங்கரை விளக்கத்தில் வேலைக்குச் சேருகிற ஒரு கழுதைக்குட்டியின் படம் வந்தது. கழுதை தமிழிலும் பேசியது. குற்றாலீஸ்வரனின் ஒரே மகள் வடிவுக்கு ஒன்பது வயது, நோட்டு அட்டை முழுவதும் நீளக் காதாக வரைந்துவைத்துக் காத்திருந்தாள். அப்பா இதுவரை அவளைக் கூட்டிப்போன படங்களிலெல்லாம் பாதி நேரம் பின்னால் திரும்பித் தலை எண்ணிக்கொண்டிருந்தவர். அதனால் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவைத்தாள். "யப்பா, சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுருங்க. நீங்களும் என்கூட இருந்து முழுசாப் பாக்கணும்."

"டிக்கெட் எதுக்குட்டி? குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது. சனம் பூரா அருவிக்கு அடியிலதான் நிக்கும். தியேட்டர்ல ஈ ஓட்டுவான். நாம போயி காலை நீட்டி உக்காந்து பாப்போம்."

"முன்னாலயே போட்டு வச்சா என்ன கொறஞ்சா போயிருவீய?" என்றாள் அனுசியா.

குறைந்துதான் போவார். தன் கணிப்பில் நம்பிக்கை இல்லாதவன்தான் முன்பதிவு செய்வான்.

சனிக்கிழமை விடியுமுன் மலையில் கொட்டிய மழையில் எல்லா அருவியிலும் வெள்ளம். குளிக்கத் தடை. மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வேன் பிடித்து வந்த கூட்டம் தலையில் தேய்த்த எண்ணெயோடும் தோளில் போட்ட துண்டோடும் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றது, பிள்ளைகள் கூட்டாக அழுதன, தென்காசியில் ஒரு கழுதைப் படம் ஓடுகிறது என்று எவரோ வாயைத் திறந்தார். அவ்வளவுதான். குற்றாலீஸ்வரன் மகளோடு போய் இறங்கியபோது வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை. வளாகமே தேங்காயெண்ணெய் மணத்தது.

"டீக்கடையில வச்சு ஈ ஓட்டுவோம்னு சொன்னீயளே அண்ணாச்சி, இப்ப ஈ நுழைய இடமில்ல" என்றார் மேனேஜர் நாறும்பூநாதன்.

வேறு யாராவது என்றால் தலையைக் குனிந்திருப்பார்கள். "நான் அன்னைக்கே சொன்னேம்லா, தண்ணி கூடிச்சின்னா படம் பிச்சுக்கிட்டு ஓடும்னு" என்றார் குற்றாலீஸ்வரன்.

வடிவு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அதைப் பார்த்த நாறும்பூநாதன் மனமிரங்கி, முதல் வரிசைக்கும் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொடுத்தார். விளக்கு அணைந்ததும் வடிவு அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் அவர் தாக்குப்பிடித்தார். அதற்குமேல் பின்னால் ஒரு பெரிய சிரிப்பு. எங்கே சிரித்தார்கள், பால்கனியிலா, கீழேயா? லேசாகத் திரும்பினார். பிறகு நன்றாகவே திரும்பி எண்ண ஆரம்பித்தார். புயல் இரவில் கலங்கரை விளக்கு அணைந்து கழுதைக்குட்டி தனியாக நின்றபோது, அவர் வெளியே நின்று மாலைக் காட்சிக்கு எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து வடிவு கேட்டாள். "யப்பா, வெளக்கு அணைஞ்ச பொறவு அது என்ன செஞ்சிச்சுன்னு பாத்தீயளா?"

"பாத்தேன், பாத்தேன். அந்த ஒரு சீனுக்கே இன்னும் ரெண்டு வாரம் ஓடும்."

வடிவு அவர் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து, வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜுஹைனா வந்தாள், வடிவோடு ஒரே வகுப்பில் படிப்பவள். "படம் எப்படிட்டி?" என்றாள். குற்றாலீஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டார்.

வடிவு கொஞ்சம் யோசித்தாள். "ஹவுஸ்ஃபுல்லு. ஆனா திங்கக்கிழமை இறங்கிரும்."

அடுக்களையிலிருந்து அனுசியா எட்டிப்பார்த்துக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். மகள் பேசியது தன் குரல்தான் என்று அவருக்குப் புரிந்தது. நாளைக்கே மகளைக் கூட்டிக்கொண்டுபோய், திரும்பிப் பார்க்காமல், படத்தை முதலிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார். உடனே போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தார்.

ஆலங்குளம் சாலையில் போய் குற்றாலீஸ்வரன் யார் என்று விசாரிக்க வேண்டாம். பெயரை மாற்றியிருக்கிறேன், மோட்டார் கடையும் என் கற்பனைதான். மகளின் பெயரை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கழுதைக்குட்டி கடைசியில் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறதா, படம் எத்தனை நாள் ஓடியது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறதா? முதலாவது என்றால் வடிவைத்தான் கேட்க வேண்டும், எனக்குத் தெரியாது, நான் அப்போது வெளியே நின்றிருந்தேன். இரண்டாவது என்றால் பதினெட்டு நாள். வந்து உட்காருங்கள், பந்தியில் என் பக்கத்து இலை காலியாகத்தான் இருக்கிறது.